படகு திறந்து கிடக்கிறது

கோப்பு வந்தபோது அதற்கு வாய் இல்லை.
பத்தாவது சேனலில் டிரம்ஸ், இரண்டில் பேஸ்,
நான்கில் யாரோ தூக்கக் கலக்கத்தில் பதிந்த அக்கார்டியன்.
சொல் ஒன்றுகூடக் கிடையாது.
ஆர்பாத் சொன்னான்: சனிக்கிழமை கல்யாணம்,
பெண்ணின் அப்பா இதைத்தான் கேட்கிறார்.
மெட்டு தெரியும் எனக்கு, வரிதான் தெரியாது.

பகலில் பல் டாக்டரிடம் ரசீது போடுகிறவள் நான்.
இரவில், சென்டாவில்,
டிஸா ஆற்றிலிருந்து இரண்டு தெரு தள்ளி,
பாடுகிறவன் கண்ணுக்கு முன்னால் ஓடப்போகும் எழுத்தை
அசை அசையாக நறுக்குகிறேன்.
ஓர் அடிக்கு நானூற்றெண்பது டிக்.
அசை அதனதன் டிக்கில் உட்கார வேண்டும்.
முந்தினால் பாடகன் ஓடுவான்.
பிந்தினால், முந்நூறு பேர் பார்க்க
வாய் பிளந்து நிற்பான்.

வரிக்கு மேலே கார்ட்.
நாங்கள் ஹா என்று கூப்பிடும் சுரம்
மென்பொருளுக்கு பி.
நாங்கள் பி என்பதோ அதற்கு வேறொன்று.
இந்தத் தகராறில் ஒரு பாட்டு
ஒரு கோடை முழுக்க
அரைச் சுரம் தடுக்கித் தடுக்கி நடந்தது.
தலையில் இரண்டு கோடு சாய்த்த எங்கள் ஓ
கீபோர்டின் நீலத் திரைக்குப் போனால்
புழு நெளியும் ஓ ஆகிவிடும்.
கிளாரினெட் ரெஜோவின் பெயரிலேயே அந்த எழுத்து உண்டு.
அவர் அதைத் தனக்கு நேர்ந்த அவமானமாகவே
எடுத்துக்கொள்கிறார்.

வரிக்கு ஒரு கேசட் கிடைத்தது.
யார் கல்யாணத்திலோ பதிந்தது,
பாட்டைவிடத் தட்டுகளின் சத்தம் அதிகம்.
இரண்டாம் சரணம், இரண்டாம் வரி:
எதுவோ திறந்து கிடக்கிறது, உனக்காக.
எது?
நாற்பது முறை ஓட்டினேன்.
நாற்பதாவது முறை, ஒரு கரண்டி விழுவதற்கு முன்,
ஹா-யோ என்று கேட்டது.
படகு.
ஆறு பக்கத்தில் இருக்கிறது, ஏன் கூடாது?
இரண்டு அசையை இரண்டு டிக்கில் வைத்தேன்.
எனக்கு அன்று சளி.
கூடவே பாடிப் பார்த்தபோது நடுவில் இருமல் வந்தது,
அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தேன்,
மூச்சு விட.
புள்ளிக்கு மேலே, சி மேஜர் மிகவும் வெளிச்சமாகப் பட்டதால்,
ஏ மைனர்.

சனிக்கிழமை பெண்ணின் அப்பா அழுதார்.
ஞாயிற்றுக்கிழமை ரெஜோ சொன்னார்:
அது அய்-தோ, பெண்ணே. கதவு.
கதவுதான் திறந்து கிடக்கும்,
படகு எப்படித் திறந்து கிடக்கும்?
திருத்தலாம் என்று கோப்பைத் திறந்தேன்.
அதற்குள் ஆர்பாத்தின் பென் டிரைவிலிருந்து
மூன்று பேர் நகல் எடுத்திருந்தார்கள்.

நான்கு வருடம் கழித்து எல்லைக்கு அப்பால்,
ஸெகெடில், ஓர் உறவுக்காரக் கல்யாணம்.
மேடையில் முன்பின் தெரியாத ஒருவன்,
காளை போன்ற மார்பு,
ஒரே மூச்சில் பாட்டை முடித்துவிடக்கூடியவன்.
இரண்டாம் சரணம் வந்தது.
படகு திறந்து கிடக்கிறது என்றான்.
ஆடுகிறவர்கள் எல்லோரும்
படகு, படகு என்று கையை உயர்த்தினார்கள்,
இரண்டு கிழவர்கள் துடுப்புப் போடுவதுபோல் சைகை செய்தார்கள்.
பிறகு, எந்தத் தேவையும் இல்லாமல்,
சொல்லின் நடுவே நிறுத்தி
அந்தக் காளை மூச்சு வாங்கியது,
ஏ மைனரில்,
என் இருமலில்.

இடைவேளையில் போய்ப் பாட்டைப் பாராட்டினேன்.
அபூர்வமான கோப்பு, என்றான்,
பழைய ஆட்கள் யாரோ செய்தது,
வேண்டுமானால் தருகிறேன், இரண்டாயிரம் ஃபோரிண்ட்.
பேரம் பேசினேன். ஆயிரத்து ஐந்நூறுக்கு வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தேன்.
படகு அங்கேயே இருந்தது, புள்ளியும்.
எட்டாவது பாரில் மட்டும்
நான் வெறும் ஜி போட்டிருந்த இடத்தில்
யாரோ ஒரு செவன்த் சேர்த்திருக்கிறார்கள்.
ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன்.
இன்னொரு முறை கேட்டேன்.
நன்றாகத்தான் இருக்கிறது.